ராஜகுளத்து அம்மா எந்த ஊர்க் கணக்கு? - புற்றுநோயை எண்ணுகிறவர்களின் பரீட்சை

காஞ்சிபுரம் மாவட்டத்து ராஜகுளத்தில் 50 வயதை ஒட்டிய ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் விஜயலட்சுமி. இடது மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை என்பதால் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் மகளிடம் சொல்ல, மகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகிறாள். அங்கிருந்து காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை. அங்கே, 'காரப்பேட்டைக்குப் போங்க' என்கிறார்கள். நடுவில் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று சென்னையில் ஒரு தனியார் லேபில் பயாப்ஸி. ரிசல்ட் வந்ததும் பயந்துபோய், சைதாப்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டில் தங்கி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஒரு அம்மா, ஒரு கட்டி. ஆனால் நாலு இடத்தில் நாலு சீட்டு. ஒன்றில் 'விஜயலட்சுமி', இன்னொன்றில் 'விஜயா'. ஒன்றில் அப்பா பெயரின் இனிஷியல், இன்னொன்றில் கணவர் பெயரின் இனிஷியல். வயது ஓரிடத்தில் 47, ஓரிடத்தில் 50. முகவரி இரண்டில் ராஜகுளம், ஒன்றில் வெறுமனே காஞ்சிபுரம், கடைசியில் சைதாப்பேட்டை.

கணக்கெடுக்கிறவர் அசந்தால் இந்த ஒரு அம்மா நாலு புற்றுநோயாளிகளாகிவிடுவார். இன்னும் கொஞ்சம் அசந்தால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒருவர் குறைந்து சென்னையில் ஒருவர் கூடிவிடுவார். 'தமிழ்நாட்டில் மார்பகப் புற்றுநோய் இத்தனை' என்று செய்தியில் ஒரு எண் வருகிறதே, அதற்குப் பின்னால் இந்த நாலு சீட்டையும் ஒன்றாகச் சேர்த்து, 'இது ஒரே ஆள், ஊர் ராஜகுளம்' என்று எழுதிய ஒருவர் இருக்கிறார். அவர் டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. புற்றுநோய்ப் பதிவாளர். அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் வேலை செய்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு சீட்டைப் படிப்பது அவ்வளவு சுலபமா?

பதிவேடு என்றதும் ரிசப்ஷனில் பெயர், வயது எழுதும் நோட்டு ஞாபகத்துக்கு வரலாம். இது அது இல்லை.

பயாப்ஸி ரிப்போர்ட்டில், இடது மார்பகம், மேல்புறம் வெளிப்பக்கம், பால் குழாயில் தொடங்கிப் பரவும் வகை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். பதிவாளர் அதை உலகம் முழுக்க ஒரே மாதிரி புரியும் குறியீடாக மாற்ற வேண்டும். அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-ஓ என்ற புத்தகம். கட்டி எந்த இடம் என்பதற்கு ஒரு எண்: சி50 என்றால் மார்பகம், சி50.4 என்றால் மார்பகத்தின் மேல்புற வெளிப்பகுதி. என்ன வகைக் கட்டி என்பதற்கு இன்னொரு எண்: 8500. அதன் பிறகு ஒரு சாய்கோடு போட்டு ஒற்றை இலக்கம். 0 என்றால் சாதாரணக் கட்டி. 2 என்றால் தொடங்கிய இடத்தைத் தாண்டாதது. 3 என்றால் பரவக்கூடிய புற்று. 6 என்றால் வேறு இடத்திலிருந்து வந்து தங்கியது.

அந்தக் கடைசி இலக்கத்தில்தான் பல தப்புகள் நடக்கும். மார்பகப் புற்று கல்லீரலுக்குப் பரவி ஒருவர் இறந்துபோனால், இறப்புச் சான்றில் 'கல்லீரல் புற்றுநோய்' என்று எழுதப்படுவது உண்டு. வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். அதை அப்படியே பதிந்தால், அந்த ஊரில் இல்லாத ஒரு கல்லீரல் புற்றுநோய் கணக்கில் ஏறும், இருந்த மார்பகப் புற்றுநோய் காணாமல் போகும். பதிவாளர் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, முதலில் எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும்.

எந்த நாளை 'நோய் கண்டறிந்த நாள்' என்று எழுதுவது? டாக்டர் கையால் தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்ட நாளா, பயாப்ஸி எடுத்த நாளா, ரிசல்ட் வந்த நாளா? அதற்கும் விதி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் ஊசி போட்டு, ஜனவரியில் ரிசல்ட் வந்தால் ஆண்டே மாறிவிடும் அல்லவா.

ஊர் விஷயத்துக்கு வருவோம். இந்தியப் பதிவேடுகளில் ஒருவர் எங்கே சிகிச்சை எடுத்தார் என்பது கணக்கில்லை. எங்கே குடியிருக்கிறார் என்பதுதான் கணக்கு. அந்தப் பகுதியில் குறைந்தது ஓராண்டாவது வசித்திருக்க வேண்டும். அதனால்தான் படிவத்தில் முகவரிக்குப் பக்கத்திலேயே 'எத்தனை ஆண்டுகளாக' என்ற கேள்வியும் இருக்கிறது. சைதாப்பேட்டை தங்கை வீட்டில் மூன்று மாதமாகத் தங்கியிருக்கும் அம்மா சென்னைக் கணக்கில் வரமாட்டார். அவர் ராஜகுளம்தான்.

இந்த விதியின் வலு புரிய, காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். அறிஞர் அண்ணா. 1909-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். முதலமைச்சராக இருந்தபோது உணவுக்குழாயில் புற்றுநோய். 1968-இல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை. 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மறைந்தார். அன்றைக்கு மெட்ராஸில் இப்படி ஒரு பதிவேடு கிடையாது. இருந்திருந்தால் அவரை எந்த ஊரில் எழுதியிருப்பார்கள்? நியூயார்க்கிலும் இல்லை, காஞ்சிபுரத்திலும் இல்லை. குடியிருந்தது நுங்கம்பாக்கம், ஆகவே மெட்ராஸ். பிறகு அவர் பெயரில்தான் காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. ராஜகுளம் மாதிரி ஊர்க்காரர்கள் 'காரப்பேட்டை ஆஸ்பத்திரி' என்று சொல்வது அதைத்தான்.

அடையாறிலிருந்து தொடங்கிய கணக்கு

இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையிலான முதல் புற்றுநோய்ப் பதிவேடு 1963-இல் பம்பாயில் தொடங்கியது. தேசிய அளவில் வந்தது 1981 டிசம்பரில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது பம்பாய், பெங்களூர், மெட்ராஸ் என்று மூன்று நகரங்களுக்கு மக்கள்தொகைப் பதிவேடுகள். சண்டிகர், திப்ருகர், திருவனந்தபுரம் மூன்றிலும் மருத்துவமனைப் பதிவேடுகள். 1982 ஜனவரி முதல் கணக்கு ஆரம்பம்.

மெட்ராஸ் பதிவேட்டை ஏற்றுக்கொண்டது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு மனதில் வைத்திருந்த கனவு அது. 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். டாக்டர் சாந்தாவைச் சிகிச்சைக்காகவும் எளிமைக்காகவும் எல்லோருக்கும் தெரியும். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதில் அந்த மருத்துவமனை காட்டிய பிடிவாதம் வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை.

அந்தக் காலத்தில் புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. காலராவைப் போல இது 'அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்' பட்டியலில் கிடையாது. (பின்னாளில் சில மாநிலங்கள் அப்படி அறிவித்தன. 2022-இல் நாடாளுமன்ற நிலைக்குழு நாடு முழுக்க அறிவிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது.) ஆகவே தகவல் தானாக வந்து சேராது. பதிவேட்டுப் பணியாளர்களே மருத்துவமனை மருத்துவமனையாக, லேப் லேபாகப் போக வேண்டும். ஃபைல்களைப் புரட்ட வேண்டும், முடிந்தால் நோயாளியிடமே பேச வேண்டும். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளை எடுத்து, அதில் புற்றுநோய் என்று இருக்கும் பெயர் ஏற்கெனவே நம் கணக்கில் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். இறப்புச் சான்றில் மட்டுமே தெரியவந்த நோயாளிகள் அதிகமாக இருந்தால், உயிரோடு இருந்தபோது அவர்களைத் தவறவிட்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஒரு பதிவேட்டின் தரத்தை அளக்கும் கோல்களில் அதுவும் ஒன்று.

பெயர்கள்தான் பெரிய தலைவலி. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம் நிரம்பும். முகமது, செல்வி, குமார் எல்லாம் அதே கதை. கணினி இரண்டு பெயரை ஒன்று என்று காட்டினாலும், கடைசியில் வயது, தெரு, நோய், கணவர் பெயர் எல்லாவற்றையும் வைத்து முடிவு செய்வது ஒரு மனிதர்தான்.

2012-இல் இந்தக் கணக்கு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் என்று பெயர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி 7.21 கோடிப் பேர். ராஜகுளம் முதன்முறையாகக் கணக்குக்குள் வந்தது இப்படித்தான். அதற்கு முன் காஞ்சிபுரத்துக் கிராமத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால், மருத்துவமனை ஃபைலில் இருக்கும். ஆனால் 'இந்த மாவட்டத்தில் லட்சம் பேருக்கு இத்தனை' என்று சொல்ல வழி இல்லை. 2020-இல் வந்த தேசிய அறிக்கையின்போதுகூட, நாடு முழுக்க 28 மக்கள்தொகைப் பதிவேடுகள். அவற்றுக்குள் வந்தவர்கள் இந்திய மக்களில் சுமார் 10 சதவீதம்தான். மீதி எல்லாம் மதிப்பீடு. 2022-இல் இந்தியாவில் புதிதாக 14.6 லட்சம் பேருக்குப் புற்றுநோய், ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடும் என்று படிக்கிறோமே, அதெல்லாம் இந்தப் பதிவேடுகள் தந்த எண்களிலிருந்து பெருக்கி எடுத்தவை. அடிக்கணக்கு பிசகினால் மேல்கணக்கும் பிசகும்.

சரி, அந்தப் பரீட்சை?

அமெரிக்காவில் பதிவாளர்களுக்கான சங்கம் 1974-இல் உருவானது. இன்றைய பெயர் தேசியப் புற்றுநோய்ப் பதிவாளர்கள் சங்கம். 1983-இல் முதல் சான்றிதழ்த் தேர்வை நடத்தினார்கள். தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் 'சி.டி.ஆர்.' என்று போட்டுக்கொண்டார்கள். அதாவது சான்று பெற்ற கட்டிப் பதிவாளர். நாற்பது ஆண்டு ஓடியபின், 2024 ஜனவரியில் பெயர் மாறியது. இப்போது 'ஆன்காலஜி டேட்டா ஸ்பெஷலிஸ்ட்', சுருக்கமாக ஓ.டி.எஸ். புற்றுநோய்த் தரவு வல்லுநர் என்று சொல்லலாம்.

பெயர் மாற்றத்தில் காரணம் இல்லாமல் இல்லை. பதிவாளர் என்றால் பேரேட்டில் பெயர் எழுதுகிறவர் என்ற நினைப்பு அங்கேயும் இருந்திருக்கும் போல.

தேர்வில் என்ன கேட்பார்கள்? நோயாளியை எங்கெங்கே தேடிக் கண்டுபிடிப்பது, ஃபைலிலிருந்து எதை எடுப்பது, குறியீடு போடுவது, நோய் எந்தக் கட்டம் என்று நிர்ணயிப்பது, சிகிச்சைக்குப் பிறகு ஆண்டுதோறும் நோயாளி நலமா என்று தொடர்வது, தரவில் பிழை பிடிப்பது, ரகசியம் காப்பது. நீண்ட காலமாகவே இதில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பகுதி ஒன்றும் இருந்திருக்கிறது. நம் ஊர் மாணவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்த வேலையில் ஆயிரக்கணக்கான குறியீடுகளை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. சரியான பக்கத்தைத் திறந்து, சரியான விதியைப் பொருத்தத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. தேறிய பிறகும் சும்மா இருக்க முடியாது. தொடர்ந்து படித்துக் கணக்குக் காட்டினால்தான் சான்றிதழ் உயிரோடு இருக்கும், ஏனென்றால் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் புற்றுநோய் ஆணையம் அங்கீகரிக்க வேண்டுமானால், மருத்துவமனையில் இந்தப் பதிவைச் சான்று பெற்றவர்கள் செய்ய வேண்டும் என்பதும் அங்கே விதி.

மாதிரிக்கு ஒரு கேள்வி. ஒரு பெண்ணுக்கு 2015-இல் வலது மார்பகத்தில் புற்றுநோய். குணமாகிவிட்டது. 2022-இல் இடது மார்பகத்தில், அதே வகைப் புற்று, ஆனால் பழையது பரவியது இல்லை, புதிதாகவே வந்தது. இது ஒரு கணக்கா, இரண்டு கணக்கா?

அமெரிக்க விதிப்படி இரண்டு. பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் விதிப்படி, இரண்டு மார்பகமும் ஒரே உறுப்பாகத்தான் கொள்ளப்படும். வகையும் ஒன்று என்றால் ஒன்றுதான். நாடுகளுக்கிடையே ஒப்பிடும்போது இந்த இரண்டாவது விதி. ஒரே பெண், ஒரே உடம்பு, ஆனால் எந்த விதிப் புத்தகம் மேஜையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. அமெரிக்காவில் இத்தனை, இந்தியாவில் இத்தனை என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால் உடனே ஃபார்வர்டு செய்யும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் பதிவாளர்களுக்குப் பயிற்சி தருவது முக்கியமாக பெங்களூரில் இருக்கும் தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் லியோன் முகமையின் வட்டார மையம் ஒன்றும் இயங்குகிறது. அங்கே மற்ற ஆசிய நாட்டுப் பதிவாளர்களும் வந்து பயில்கிறார்கள். 'கேன்ரெக்' என்ற மென்பொருளை லியோன் முகமை இலவசமாகவே தருகிறது. பயிற்சி வகுப்பு இருக்கிறது, கையேடு இருக்கிறது. அமெரிக்காவில் இருப்பது போல, தேறினால்தான் நாற்காலி என்று சொல்லும் வழக்கம் நம் பதிவேடுகளில் வேரூன்றவில்லை. அங்கே மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபைல் ஃபைலாகப் பார்த்து, தப்புச் செய்து, திருத்தி வாங்கிப் பழகுவதுதான் பெரும்பாலும் படிப்பு. அதில் தேர்ந்தவர்கள் போட்ட கணக்கு உலகத் தரத்துக்கு நிற்கிறது. ஐந்து கண்டங்களின் புற்றுநோய் எண்களைத் தொகுத்து வெளியிடும் சர்வதேசத் தொகுதியில் சென்னையின் எண்கள் இடம்பெற்று வந்திருக்கின்றன. ஆனால் அந்த மூத்தவர் ஓய்வு பெற்றுப் போனால்? திறமை ஒருவர் தலையில் இருக்கிறதா, எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோலில் இருக்கிறதா என்ற வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இது புதுக் கேள்வியும் அல்ல. அதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறித்த குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்துக்கு வர யாருக்குத் தகுதி என்று அதில் விதி விதியாக எழுதியிருக்கிறார்கள். வயது 35-க்கு மேல் 70-க்குள். வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், படிப்பு வேண்டும். முன்பு பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடம் கிடையாது, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் கிடையாது. நிலமும் படிப்பும் இல்லாத ஊர்மக்களையும் பெண்களையும் வெளியே நிறுத்திய விதிகள்தான் அவை. இருந்தாலும் கணக்கு விஷயத்தில் அந்தக் கறாரை மறுக்க முடியாது.

எண்ணினால் என்ன கிடைக்கும்?

இவ்வளவு மெனக்கெட்டு எண்ணி யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு, திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எளிய முறையில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். பெரிய கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். வினிகரில் இருப்பது அதுதான். சந்தேகமான இடம் இருந்தால் வெளுத்துத் தெரியும். அங்கேயே சிகிச்சை. 114 பகுதிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, பாதியில் 49,311 பெண்களை இந்தப் பரிசோதனைக்கு உரியவர்களாகவும், மீதியில் 30,958 பெண்களை வழக்கமான கவனிப்பில் இருப்பவர்களாகவும் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு காத்திருந்தார்கள். பரிசோதனை பயன் தந்ததா என்று எப்படித் தெரியும்? அடுத்த பல ஆண்டுகளில் இந்தப் பெண்களில் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று ஒருவர் விடாமல் கணக்கு வேண்டும். மதுரைக்கோ வேலூருக்கோ சிகிச்சைக்குப் போனவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குக் கைகொடுத்தது அம்பிளிக்கையில் இயங்கிய ஒரு பதிவேடு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் துணையோடு. 2007-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்திருந்தது. அந்த நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது.

ஏழை நாடுகள் பலவற்றில் இன்று நர்ஸ்கள் இந்த முறையில் பரிசோதனை செய்கிறார்கள். அதற்குக் கிடைத்த முக்கியமான சாட்சிகளில் ஒன்று திண்டுக்கல் கிராமத்துப் பெண்கள். அவர்களை எண்ணிக்கொண்டே இருந்த பதிவேட்டுக்காரர்கள் இல்லாவிட்டால் 25-ம் இல்லை, 35-ம் இல்லை. ஏதோ நல்லது நடந்த மாதிரி இருக்கிறது என்ற அபிப்பிராயம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

சென்னையிலும் இப்படி ஒரு மாற்றத்தைப் பதிவேடுதான் காட்டியது. 1980-களில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் ஏறிக்கொண்டே வந்து அதை முந்திவிட்டது. இது தெரிந்ததால்தான் எங்கே மேமோகிராம் வேண்டும், எங்கே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு இன்னும் அழுத்தம் வேண்டும் என்று திட்டமிட முடிகிறது. நகரத்தின் கதையும் கிராமத்தின் கதையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ராஜகுளத்து அம்மா சைதாப்பேட்டைக் கணக்கில் போகக் கூடாது.

வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான பரிசோதனையைத் தமிழக அரசு 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி என்று நான்கு மாவட்டங்களில் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. இங்கே ஒரு விஷயம். இப்படிப் பரிசோதனை தொடங்கிய மாவட்டத்தில் புற்றுநோய் எண்ணிக்கை முதலில் ஏறும். நோய் பெருகியதால் அல்ல, ஒளிந்திருந்தது வெளியே வந்ததால். அது தெரியாமல், 'எங்க மாவட்டத்துல கேன்சர் அதிகமாயிடுச்சு' என்று பயப்படுவார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல, நோய் எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்ற தகவல் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் பிடிபட்டவர்கள் கூடி, முற்றிய நிலையில் வருகிறவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்தால் திட்டம் வேலை செய்கிறது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கான எச்.பி.வி. தடுப்பூசிக்கு 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அந்த ஊசியின் முழுப் பலன் தெரிய, இன்றைய சிறுமிகள் நாற்பதைத் தாண்ட வேண்டும். அதுவரை யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

எண்ணுவதற்கு இன்னொரு தடங்கலும் இருக்கிறது. லட்சத்துக்கு இத்தனை என்று சொல்ல, ஊரில் எத்தனை லட்சம் பேர் என்று தெரிய வேண்டும். 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் பழைய மாவட்டத்துக்கு 39.98 லட்சம் பேர். பிரிந்த பிறகு, அதே 2011 கணக்கின்படி காஞ்சிபுரத்துக்கு மிஞ்சியது 11.66 லட்சம். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. நடுவில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வந்து குடியேறியவர்கள் எத்தனை பேர்? பீகாரிலிருந்து வந்து இரண்டு ஆண்டாகத் தங்கியிருக்கும் தொழிலாளிக்கு நோய் வந்தால் அவரும் இந்த மாவட்டத்துக் கணக்குதான். மேலே இருக்கும் எண்ணில் அவர் இருப்பார், கீழே வகுக்கும் எண்ணில் இருக்க மாட்டார்.

பிள்ளைகளுக்கு இது வேலையாகுமா?

சென்னையைச் சுற்றி மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகும் பட்டதாரிகள் ஏராளம். உயிரியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்த பெண்கள் நிறைய. புற்றுநோய்ப் பதிவும் குறியீடு போடுகிற வேலைதானே, இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லை. மெடிக்கல் கோடிங் பெரும்பாலும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்திடம் பில் பணம் வாங்குவதற்கானது. ஒரு நோயாளி பத்து முறை வந்தால் பத்து பில். பதிவேட்டில் அவர் எத்தனை முறை வந்தாலும் ஒரே ஆள், அதுவும் அவர் இறக்கும்வரை தொடர வேண்டிய ஆள்.

ஓ.டி.எஸ். தேர்வை எழுத ஆசைப்படும் இளைஞர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற தேர்வல்ல அது. அமெரிக்கச் சங்கம் அங்கீகரித்த படிப்பும் நேரடிப் பயிற்சியும் கேட்கிறார்கள். தகுதி விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே 'மூன்று மாதத்தில் சான்றிதழ், உடனே அமெரிக்க வேலை' என்று யாராவது பணம் கேட்டால், முதலில் அந்தச் சங்கத்தின் விதிகளை நேராகப் படித்துவிடுவது நல்லது. நம் ஊரிலேயே இந்த வேலையைச் செய்ய ஆசை என்றால், புற்றுநோய் மருத்துவமனைகளின் பதிவேட்டுப் பிரிவு, சமூகப் பணி, புள்ளியியல், பொதுச் சுகாதாரம் என்று உள்ளே நுழைய வேறு வாசல்கள் இருக்கின்றன. சம்பளம் ஐ.டி. மாதிரி இருக்காது. பகல் முழுக்க, முகம் தெரியாத ஒருவரின் வலியைக் காகிதத்தில் படித்துக்கொண்டிருக்கும் வேலை இது என்பதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

மருத்துவமனையில் ஒருவர் வந்து கேட்டால்...

வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கும்போது, கையில் படிவத்தோடு ஒருவர் பக்கத்தில் வந்து உட்காரலாம். "அம்மா, சொந்த ஊர் எது? அங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க? இதுக்கு முன்னாடி எங்கே காட்டினீங்க?" என்று கேட்பார். புகையிலை, வெற்றிலை பாக்குப் பழக்கத்தைப் பற்றியும் கேட்கலாம். இந்தியாவில் வரும் புற்றுநோய்களில் 27 சதவீதம் புகையிலையோடு தொடர்புள்ளவை என்று 2020 அறிக்கை சொன்னது.

களைத்துப் போய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்தக் கேள்விகள் எரிச்சலாக இருக்கும். 'சென்னை'ன்னு எழுதிக்கோங்க என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். கிராமத்துப் பெயரைச் சொன்னால் மருத்துவமனையில் இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்று தயங்குகிறவர்களும் உண்டு. அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடுமோ, மகள் கல்யாணத்துக்கு இடைஞ்சலாகுமோ என்ற பயமும் சிலருக்கு இருக்கும். வெளியே வரும் அறிக்கையில் பெயர் வராது, எண் மட்டும்தான்.

ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரியே பெயரும் முகவரியும் எல்லா மருத்துவமனையிலும் சொன்னால், நாலு சீட்டும் ஒன்றாகச் சேர்வது சுலபம். முதல் பயாப்ஸி ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போவது டாக்டருக்கும் உதவும். ஊர் எது என்று கேட்டால் ராஜகுளம் என்றே சொல்லலாம். தங்கை வீட்டு முகவரியை, லெட்டர் வந்து சேருவதற்கு என்று தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னால் போதும்.